இஞ்சின் தம்பிக்கு, பாடி அண்ணனுக்கு

— இஞ்சின் செத்துப் பூட்சு அண்ணாத்தே. வாயில பால் ஊத்தறதுன்னா ஊத்திடு. அவ்ளோதான்.

— அத ஏன் துலுக்கானம் என்கிட்ட சொல்ற? இஞ்சினுக்குச் சொந்தக்காரரு அதோ அந்த வேப்பமரத்தடியில கல்லு மேல குந்திகினு இருக்காரு. துக்கத்த அவருகிட்ட போயி விசாரி.

— இன்னாது? வண்டி உன்னுது இல்லியா?

— வண்டி என்னுதுதான். இஞ்சின் என்னுது இல்ல.

— த்தோ பாரு பரந்தாமண்ணே, ஆவடிலேந்து இந்த வெயில்ல மொபெட்டு ஓட்டிகினு வந்துகீறேன். காலங்காத்தால என்னாண்ட வெள்ளாடாத. ஆடு உன்னுது, ஈரல் மட்டும் பக்கத்து ஊட்டுக்காரனுதா?

— பக்கத்து ஊட்டுக்காரர் இல்ல. என் கூடப் பொறந்தவரு. எனக்குச் சின்னவரு. அம்பத்தூர் எஸ்டேட்டுல கம்பெனியில இருக்காரு, ரொம்பப் பெரிய எடம். பேரு வரதன். நான் கூப்ட்டா எனக்கு வாயி வலிக்கும், நீயே கூப்டு.

— மேஸ்திரி, பெரியவருகிட்ட சொல்லுங்க. தம்பி பேர சொன்னா வாய் வலிக்காது. நாக்குதான் வலிக்கும். அங்க அதுதான் நீளம் ஜாஸ்தி.

— அட கஷ்டகாலமே. ரெண்டு பேரும் பேசிக்கறது இல்லியா?

— ஏன் பேசாம? இதோ உன்கிட்ட பேசிகினுதான இருக்கேன் துலுக்கானம்.

— நானும் உங்ககிட்டதான் பேசறேன் மேஸ்திரி.

— நல்லாகீதே கதை! நான் இன்னா மெக்கானிக்கா, கல்யாண ஊட்டு ஸ்பீக்கரு பொட்டியா? எந்தக் காலத்துலேந்து இந்தக் கூத்து?

— எங்க நைனா கருமாதி அன்னிக்கு நிறுத்துனது. கேட்டுக்க, நான் நிறுத்தல.

— நானும் நிறுத்தல மேஸ்திரி. அதுவா நின்னுது. இந்த இஞ்சின் மாதிரி.

— வரதன் மாமே, நீயாச்சும் கொஞ்சம் புரியறா மாதிரி சொல்லு. ஒரு வண்டிக்கு எப்டி ரெண்டு சொந்தக்காரன்? அதுவும் கண்ணாலம் பண்ணா மாதிரி பாதிப் பாதியா?

— சொல்றேன். இந்த டிராக்டர் நம்ம ஊர் டிராக்டர் இல்ல மேஸ்திரி. பாருங்க, மாட்ட விட குள்ளமா இருக்கு. அம்பத்தூர்ல ஒரு மொதலாளி, பங்களாத் தோட்டத்துல புல்லு வெட்டறதுக்குன்னு சீமையில இருந்து எறக்கினாரு. அங்க எங்க நைனாதான் தோட்டக்காரரு, வீராசாமின்னு பேரு. மொதலாளி பங்களாவ காலி பண்ணிட்டுப் போறப்போ, புல்லே இல்லாத எடத்துக்குப் போறேன், இது எனக்கு எதுக்கு, நீயே ஓட்டிட்டுப் போன்னு குடுத்துட்டாரு. நைனா அங்கேர்ந்து இந்த வேப்பம்பட்டு வரைக்கும் ரோட்டுலயே ஓட்டிகினு வந்தாரு. ஊரே வேடிக்க பாத்துச்சு.

— முக்கியமானத முழுங்கிட்டாரு பாரு துலுக்கானம். அன்னிக்கு நைனா மடியில குந்திகினு ஸ்டேரிங்கப் புடிச்சிகினு வந்தது யாரு தெரியுமா? இந்தத் தொரதான். நான் பின்னாடி சைக்கிள்ல அத்தினி புழுதியும் தின்னுகினு வந்தேன். அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். எனக்குத்தான் எல்லாமே லேட்டாப் புரியும்.

— சரி, நைனா பூட்டாரு. அப்பால?

— அப்பால எங்க தாய்மாமன் வந்தாரு. செங்கல்வராயன். நியாயம்னா அவருகிட்ட எடை போட்டு வாங்கணும் மேஸ்திரி. எதையும் சரிபாதி பண்ணாம விடமாட்டாரு. அண்டா அண்ணனுக்கு, மூடி தம்பிக்கு. ஆட்டுக்கல்லு அண்ணனுக்கு, குழவி தம்பிக்கு.

— குழவி தம்பிக்கா? அப்போ அண்ணாத்த ஊட்ல மாவு எதால ஆட்றது, முழங்கையாலயா?

— அதெல்லாம் பொம்பளைங்க அன்னிக்கே சரி பண்ணிகினாங்க. எங்க வூட்டுக்காரி தாட்சாயிணி குழவிய தூக்கி நாகம்மா அண்ணி மடியில வெச்சிட்டு, இந்த மாமனுக்கு நாளைக்கு இட்லி கெடையாதுன்னு சொல்லுச்சு. ரெண்டு பேரும் சிரிச்சுட்டு மாவாட்டப் போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் இன்னும் அந்த எடத்துலயேதான் நிக்கறோம்.

— அவருக்குத் தெரியுதே. பரவால்லியே.

— குறுக்க பேசாத அண்ணாத்தே. வண்டி கதைக்கு வா மாமே.

— வண்டி வந்துச்சு. ரெண்டு பேருக்கும் வேணும். பெரியவரு என்ன சொன்னாரு தெரியுமா, கம்பெனியில மெசின் ஓட்றவனுக்கு எதுக்கு வண்டி, மண்ணு ஓட்றவன் நான்தானேன்னு.

— அதுக்கு இவரு என்ன சொன்னாருன்னு கேளு துலுக்கானம். கியர் எது பிரேக் எதுன்னு தெரியாதவருக்கு எதுக்கு வண்டி, அப்படீன்னு. கருமாதிக்கு வந்த அத்தினி சனத்துக்கு நடுவுல. நான் அப்பதான் தலைய மொட்ட அடிச்சிகினு ஈரத்துணியோட நிக்கறேன்.

— மாமாவுக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சு மேஸ்திரி. ரெண்டு பக்கமும் பாத்தாரு. சட்டுனு சொன்னாரு, "இஞ்சின் தம்பிக்கு, பாடி அண்ணனுக்கு. நான் கெளம்பறேன்." திருவள்ளூர் லோக்கல புடிச்சுப் போயிட்டாரு. 

— நீங்களும் ஒத்துகினீங்களா?

— நியாயந்தானே? சரிபாதி. கேட்டுக்க துலுக்கானம், மாமன் வார்த்தைய மீறுற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல.

— நாங்க எந்த முட்டாத்தனத்தையும் முறைப்படி செய்யற குடும்பம் மேஸ்திரி.

— இப்பத்தான் எனக்கு வெளங்குது. நானும் வந்ததுலேந்து பாக்கறேன், பாடி சோக்கா செவப்பு பெயிண்டு அடிச்சு கீது, இஞ்சின் தொடச்சி வெச்ச குத்துவெளக்கு மாதிரி கீது, ரெண்டும் சேர்ற எடத்துல மட்டும் ஒரு வெரல் அகலத்துக்கு அழுக்கு. இன்னாடா இது, எல்லைக்கோடு கிழிச்சா மாதிரின்னு நெனச்சேன். மெய்யாலுமே எல்லைக்கோடுதானா!

— அந்த எடம் யாரு பாகம்னு மாமன் சொல்லல. சொல்லாத எடத்த நான் ஏன் தொடைக்கணும்?

— நல்ல அண்ணன், நல்ல தம்பி. சரி, வேலைக்கு வருவோம். தொறந்து பாத்துட்டேன். உள்ள ஒரு சொட்டு ஆயில் இல்ல. பிஸ்டன் காஞ்சிப் போயி சிலிண்டரோட ஒட்டிகினு, அத்தோட ராடு ஒடைஞ்சி, இஞ்சின் சொவரயே ஓட்டை போட்டு எட்டிப் பாக்குது. இத்த ரிப்பேரு பண்றேன்னு எவனாச்சும் சொன்னா அவன நம்பாத. ஆயில் யாரு ஊத்தணும்? ஆயில் எந்தப் பாகத்துல வந்துச்சு?

— ஆயில் இஞ்சினுக்குள்ள இருக்குது. இஞ்சின் அவரு பாகம். அப்போ ஆயில் அவருது.

— டெக்னிக்கலா அது தப்பு மேஸ்திரி. ஆயில் செலவாகறது வண்டிய ஓட்டறதால. ஓட்டறது யாரு? சீட்டு யாருது? சீட்டுல ஒக்காந்தவரு ஆயில பாக்கணும்.

— மாட்டுக்காரன் மாட்ட ஓட்டுவான் துலுக்கானம். மாட்டுக்கு வயித்துக்குள்ள என்ன இருக்குதுன்னு அவனா பாப்பான்?

— கன்னு போட்டா மட்டும் பால் இவருக்குன்னு ஓடி வருவாரே!

— போதும், போதும். ஆயில ஊத்தறது யாருன்னு பேசிகினே அதுக்குக் கொள்ளி வெச்சிட்டீங்க. கோளாறு வந்தா மட்டும் இன்னா பண்ணுவீங்க?

— சொல்லி அனுப்புவேன். இஞ்சின் அவருது, நான் எப்படி கை வைக்கறது? ரயில்வே கேட்டாண்ட போன் பூத்து இருக்குது, நாகம்மா போயி அவங்க கம்பெனிக்கு ஒரு போனு. ஞாயித்துக்கெழம தொர வருவாரு.

— வராம? மேஸ்திரி, எங்க கம்பெனியில முந்நூறு மெசின் இருக்கு. எல்லாம் சேந்து எனக்குக் குடுக்காத தொல்லைய இது ஒண்ணு குடுக்கும். ஒரு வாட்டி மண்ணெண்ணெயில தண்ணி. ஒரு வாட்டி காத்து போற எடத்துல பழைய துணி அடச்சிகினு இருக்கு. ஒரு வாட்டி பிளக்கு ஒயர எலி கடிச்சிருச்சாம். அந்த எலிய நீங்க பாக்கணும். பிளேடு வெச்சி வெட்டின மாதிரி அவ்ளோ நேரா கடிச்சிருந்துச்சு. எங்க கம்பெனிக்கு அனுப்பினா கட்டிங் செக்ஷன்ல சேத்துக்குவாங்க.

— எலிக்கெல்லாம் நான் ஜவாப்தாரி இல்ல.

— வண்டி நிக்கற எடம் யாருது? எலி ஓடற தரை யாருது?

— கேட்டுக்க துலுக்கானம், வந்தா என்ன பண்றாருன்னு நெனக்கற? இஞ்சின தொடைக்கறாரு. பாடி மேல கை படாம, தீட்டு மாதிரி. அப்பறம் அவங்க அண்ணி வெச்ச கருவாட்டுக் கொழம்ப ரெண்டு வாட்டி வாங்கி ஊத்திக்கறாரு. அண்ணிகிட்ட மட்டும் சிரிப்பு. நான் இந்தப் பக்கம் ஒரு மனுசன் ஒக்காந்து இருக்கேன், கொழம்புல கெடக்கற கத்திரிக்காய்க்கு இருக்கற மரியாத கூட எனக்கு இல்ல.

— கத்திரிக்கா மொறைக்காது மேஸ்திரி.

— த்தோ பாரு, ரெண்டு பேரும் காத தொறந்து கேட்டுக்கங்க. வயி ரெண்டு கீது. ஒண்ணு, இந்தப் பொணத்த எறக்கிட்டு வேற இஞ்சின் ஏத்தறது. பூந்தமல்லில ஒருத்தன் கெணத்துக்கு கரண்டு மோட்டாரு போட்டுட்டான், அவனோட பழைய டீசல் இஞ்சின் சும்மா குந்திகினு கீது. அத்த கொணாந்து, அடியில இரும்புப் பட்டை வெல்டு வெச்சு, இந்தக் கியர் பாக்ஸோட கோத்துக் குட்த்துடுவேன். கொஞ்சம் ஒதறும். புதுசா கண்ணாலம் ஆனா அல்லாம் ஒதறத்தான் செய்யும், அப்பால பழகிடும். இன்னொண்ணு, நட்டு வேற போல்ட்டு வேறயா பிரிச்சு வித்துடறது. கியர் பாக்ஸுக்கு மாங்காட்ல ஆள் கீது. சக்கரத்த தள்ளுவண்டிக்காரன் தூக்கிகினு பூடுவான். மிச்சம் மீதி காயலாங்கடைக்கு. எது? சீக்கிரம் சொல்லு, மதியானம் அம்பத்தூர்ல ஒரு லாரி எனக்காக படுத்துகினு கீது.

— பிரிச்சுடலாம் மேஸ்திரி.

— பிரிக்கறதுன்னா அவருக்கு வெல்லம் துலுக்கானம். 

— டெக்னிக்கலா பாருங்க. இந்த வண்டி ஓட்டறதுக்கு இங்க நெலம் எங்க இருக்கு? இந்தப் பக்கம் ஏதோ ஒரு நகர். அந்தப் பக்கம் அதே நகர் விரிவு. மஞ்சக் கல்லு நட்டு, கலர் கொடி கட்டி, தேர் வர்ற மாதிரி வெச்சிருக்கான். நடுவுல கோவணத் துணி மாதிரி ஒரு கொல்ல, அதுல நாலு வரிசை மல்லிச்செடி. இதுக்கு டிராக்டரா? ஒரு பெரிய சீப்பு இருந்தா போதும்.

— கோவணத்தோட அரும கட்டுறவனுக்குத்தான் தெரியும். பேண்ட்டு போடறவங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த மாசம் பூரா நான் மம்முட்டி புடிச்சு வரிசைக்கு நடுவுல கொத்திகினு கெடக்கறேன். கையப் பாரு. வேணாம், எனக்கு ஒண்ணும் வேணாம். வேற இஞ்சின் வெக்கச் சொல்லு.

— சரி அண்ணாத்தே, நீயே ஒரு இஞ்சின் வெச்சுக்கியேன். அவருதான் வேணாங்கறாரே.

— நான் எப்படி வெக்கறது? இஞ்சின் அவரு பாகம். நான் வெச்சா வண்டி பூரா என்னுதாயிடும். நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? பெரியவன் சின்னவன் பாகத்த முழுங்கி ஏப்பம் விட்டுட்டான்னு. அவருதான் வெக்கணும். வெச்சு, எப்பவும் போல அவருதான் வந்து பாத்துக்கணும்.

— வந்து பாத்துக்கறதா? மேஸ்திரி, நான் இனிமே இங்க இல்ல. கம்பெனி ஓசூருக்குப் போவுது. அங்க பெரிய ஷெட்டு போட்டுட்டாங்க. வர்ற மாசம் குடும்பத்தோட கெளம்பறேன். பெரியவருகிட்ட சொல்லிடுங்க.

— தெரியும்னு சொல்லு. போன மாசமே தெரியும். தாட்சாயிணி வந்து நாகம்மாகிட்ட சொல்லிட்டு, முந்தானையில மூக்க சிந்திட்டுப் போச்சு. கூடப் பொறந்தவன் ஊர விட்டுப் போற சேதி அடுப்பங்கரை வழியா வந்து சேர்ற பாக்கியம் எத்தினி அண்ணனுக்குக் கெடைக்கும்? ஓசூருல ரோசாப்பூ நல்லா வருமாம். போயி பறிச்சுக் காதுல வெச்சுக்கச் சொல்லு.

— நேரா வந்து சொன்னா மட்டும்? யாருகிட்ட சொல்றது? இந்தச் சொவத்துகிட்டயா, அந்தக் கோழிகிட்டயா?

— கோழிகிட்ட சொல்லியிருந்தா கூட அது பதில் சொல்லியிருக்கும்.

— அண்ணாத்தே, மாமே, ரெண்டு பேரும் கோச்சிக்காதீங்க. எனக்கு ஒரு சந்தேகம். இந்த வண்டியும் பூட்டா ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அப்பால இன்னா கீது? எங்க பாத்துப்பீங்க? எவனாச்சும் ஒருத்தன் பாடையில படுத்தாத்தான் உண்டு.

— அதுக்கும் அவருக்கு லீவு கெடைக்கணுமே.

— லீவு போடறேன் மேஸ்திரி. கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க. கொள்ளி பாடிக்காரரு பிள்ள வெக்கட்டும், நான் ஓரமா நின்னு பாத்துட்டுப் போறேன்.

— வாயக் கழுவுங்கடா ரெண்டு பேரும். வெளையாட்டுக்குச் சொன்னா, அதுலயும் பாகம் பிரிக்கறானுங்க.

— இல்ல மேஸ்திரி, நெசமாவே சொல்றேன். கொஞ்சம் கேளுங்க. எனக்கு இந்த ஊர்ல என்ன இருக்கு? வூடு அவரு பாகம். கொல்ல அவரு பாகம். என் நெலத்த வித்துத்தான் அம்பத்தூர்ல மனை வாங்கினேன். எனக்குன்னு இங்க மிச்சம் இருந்தது இந்த இஞ்சின் ஒண்ணு. அதுக்கு ஒடம்பு சரியில்லன்னா, ஷிப்ட்ட மாத்திட்டு, தூக்கத்த விட்டுட்டு, ரயில்ல தொங்கிகினு வருவேன். எங்க வூட்டுக்காரி சிரிக்கும், எந்தப் பொண்டாட்டி ஊட்டுக்கும் இப்படி ஓட மாட்டாங்கன்னு. இப்போ அதுவும் செத்துடுச்சு. இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு இங்க வர்றது? கருவாட்டுக் கொழம்புக்கு வந்தேன்னு சொல்லவா? அதனாலதான் சொல்றேன், பிரிச்சு அவங்கவங்க இரும்ப அவங்கவங்க எடுத்துகினு போயிடலாம். சுத்தமா முடிஞ்சிடும்.

— அண்ணாத்தே, கேட்டியா?

— செவுடா நான்? கேக்குது.

— பதில் சொல்லேன்.

— வேற இஞ்சின் வெக்கச் சொல்லு. அவ்ளோதான் என் பதில். டீசலோ, மண்ணெண்ணெயோ, மாட்டு மூத்திரமோ, எதுல வேணா ஓடட்டும்.

— ஓசூருலேந்து வந்து அவரு ஆயில் மாத்துவாரா?

— மாத்தட்டும். பஸ்ஸு இருக்குது இல்ல? உலகத்துல எவனும் ஓசூருலேந்து வரலியா?

— பாத்தீங்களா மேஸ்திரி? நான் பஸ்ஸுல எட்டு மணி நேரம் ஒதறிகினு வரணும், இவரு மல்லிப்பூவுக்கு சீப்பு போடணும். இதுக்குப் பேருதான் அண்ணன் தம்பி. வேணாம். கயட்டுங்க. அந்த இஞ்சின முதல்ல எறக்குங்க.

— கயட்டி வுடறதுல அவரு கை தேர்ந்தவரு துலுக்கானம். நீ ஸ்பேனர அவருகிட்டயே குடு.

— இரு, இரு, அவசரப்படாத. இங்க ஒரு சிக்கல் கீது. இஞ்சினையும் பாடியையும் சேத்துப் புடிச்சிகினு நாலு போல்ட்டு கீது பாரு. அந்த அழுக்குக்குள்ள. இது யாரு பாகம்?

— இஞ்சின்ல மாட்டியிருக்கு மேஸ்திரி, அப்போ...

— பாடியிலயும்தான் மாட்டியிருக்குது.

— அதான் கேக்கறேன். மாமன் இன்னா சொன்னாரு?

— மாமா போல்ட்டு வரைக்கும் வரல. ரயிலு வந்துடுச்சு.

— அப்போ இது பொதுச்சொத்து. சட்டம் தெரிஞ்சவன் சொல்றேன், பொதுச்சொத்துல ஒருத்தன் பேச்சக் கேட்டு நான் ஸ்பேனரு போட மாட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்து, கயட்டலாமான்னு கேளுங்க, கயட்டலாம்னு சொல்லுங்க. அப்பால நான் கயட்டறேன். எங்க, கேளுங்க பாப்போம்.

— ஏய் கோழி. அந்த வேப்பமரத்தாண்ட போகாத. அங்க கம்பெனிகாரரு இருக்காரு. கயட்டிடுவாரு.

— கோழி, நீ அவரு பேச்சக் கேட்டு இந்தப் பக்கமே இரு. கடைசில கொழம்பு வெச்சுடுவாரு.

— கோழியாண்ட பேசறதுல ரெண்டு பேரும் ஒத்துமையா கீறீங்க. நான் ஒரு லூசு, உங்களாண்ட நியாயம் பேசிகினு. சரி, நான் அடியில பூந்து அந்தப் போல்ட்டு வருமா வராதான்னாச்சும் பாத்துக்கறேன். நவுரு. அந்தச் சாக்க இப்டி போடு. தூ, இன்னாடா இது, அடியில சாம்பலு.

— சாம்பலா? எங்க?

— இஞ்சினுக்கு நேரா கீழ. தரை பூரா சாம்பல் தூவி, தொடப்பத்தால பெருக்கி கீது. அடியில ஆயில் ஊறிப் போயி கீது. யாருனா ஆயில கொட்டிட்டு மேல சாம்பல் போட்டு மூடி கீறாங்க. இரு, ஒரு நிமிசம்... மாமே, இந்த டிரெயின் போல்ட்ட நீ எப்போ தொறந்த?

— எது? ஆயில வடிக்கற போல்ட்டா? நான் தொறந்து ரொம்ப நாளாச்சு. போன தடவை எலி ஒயரு மாத்த வந்தப்போ புது ஆயில் ஊத்தி, கழுத்து வரைக்கும் ரொப்பிட்டுத்தான் போனேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க ஆயில் இல்லன்னப்போ, இவரு ஓட்டியே தீத்துட்டாருன்னு நெனச்சேன். யாரு பாகம்னு இவருகூட சண்டை வேணாம்னு நானே வாங்கிகினு வந்து ஊத்தினேன்.

— அப்போ ஆயில் தானா காயல. இத்த ஸ்பேனரு போட்டுத் தொறந்து கீறாங்க. மொனை எல்லாம் புதுசா வழுக்கிப் போயி பளபளன்னு கீது, அளவு சேராத ஸ்பேனரு. ஆயில பூரா எறக்கிட்டு, திரும்ப மாட்டிட்டு, அப்பால ஸ்டார்ட்டு பண்ணி வுட்டுகீறாங்க. வெவரம் தெரிஞ்சவன் பண்ற வேலை இல்ல இது. சும்மா கொஞ்சம் படுக்கட்டும்னு நெனச்சு பண்ணிகீறான், அது ஒரேடியா பூட்சு. பஞ்சர் பண்றேன்னு வண்டிய கொளுத்தின கதை.

— மேஸ்திரி, இந்த வூட்ல ஸ்பேனர் யாருகிட்ட இருக்கு? கேளுங்க.

— நான் கேக்க மாட்டேன் மாமே.

— சாம்பல் யாரு வூட்டு அடுப்புல இருந்து வரும்? கேளுங்க! எலி ஸ்பேனர் புடிக்குமான்னு கேளுங்க! மண்ணெண்ணெயில தண்ணி ஊத்தினதும் எலிதானா, துணிய அடச்சதும் எலிதானான்னு கேளுங்க! நான் பைத்தியக்காரன் மாதிரி ஒவ்வொரு தடவையும் வந்து, கையெல்லாம் கிழிச்சிகினு, சரி பண்ணிட்டுப் போனேன் மேஸ்திரி. கருவாட்டுக் கொழம்ப ஊத்தி வெச்சிட்டு உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாரு. எனக்குன்னு இருந்த ஒண்ணு, அதையும் பொறுக்கல. கேளுங்களேன், ஏன் இப்படி பண்ணாருன்னு!

— நான் தபால்காரன் இல்லன்னு மொதல்லயே சொல்லிட்டேன். நான் இந்த வண்டிக்கு அடியில கீறேன், எனக்கு ஒண்ணும் கேக்கல. உனுக்கு வாய் கீது. அவருக்குக் காது கீது. நீயே கேளு.

— ...அண்ணே. நல்லா ஓடிகினு இருந்த இஞ்சின ஏண்ணே கொன்ன?

— நல்லா ஓடிகினு இருந்தப்போ நீ என்னிக்குடா இந்த ஊட்டுக்கு வந்த?